உன் வாலை ஒடிப்பேன்

வாள் இரண்டாக ஒடிந்து கிடந்தது.

கைப்பிடி மேசையின் இந்த ஓரத்தில், அலகு அந்த ஓரத்தில். ரப்பர் அட்டையையும் பிவிசி குழாயையும் வெட்டி ஒட்டி, ஈய நிறம் பூசி, ஏழு மாதம் உழைத்துச் செய்த வாள். யாரோ முழங்காலில் வைத்து முறித்திருந்தார்கள். அலகின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது.

"ரத்தம் இல்ல, பொணம் இல்ல. இந்த மாதிரி கேஸுதான்கா நமக்கு வேணும்," என்றான் இப்ராஹிம். "இப்பவே பசி எடுக்குது."

குமுதா குனிந்து அந்தக் காகிதத்தைப் பார்த்தாள். பாயான் லெப்பாஸ் சிப் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் மைக்ராஸ்கோப்புக்குள் கண்ணை விட்டுக் கோளாறு தேடியவள் அவள். அந்தப் பிரிவை மூடியதும் சுங்கை பினாங்கில் ஒரு சலவைக் கடைக்கு மேல் அறை எடுத்து, மனிதர்களிடம் கோளாறு தேட ஆரம்பித்தாள். இப்ராஹிம் ஒரு காலத்தில் பழுதான காடிகளை இழுத்துப் போகும் லாரி ஓட்டியவன். இப்போது அவளுக்கு ஓட்டுநர், உதவியாளர், கேட்காமலே கருத்துச் சொல்பவன்.

காகிதத்தில் மார்க்கர் பேனாவால் கட்டம் கட்டமாக, யார் கையெழுத்தென்று தெரியாதபடி எழுதியிருந்தது.

'காமினி! நம் தோழமையைக் குலைத்தவள் நீ. வெள்ளம் வருமுன் விலகிக்கொள். மேடை ஏறினால் உன் வாலை ஒடிப்பேன். வாயைத் திறந்தால் உன் வாழ்க்கையை.'

"வாலையா?" இப்ராஹிம் பக்கத்தில் நின்ற பெண்ணை மேலும் கீழும் பார்த்தான். "தங்கச்சிக்கு வாலு இருக்கற மாதிரி தெரியலையே."

"வாளைன்னு எழுத வந்து தப்பா எழுதியிருக்கு அண்ணே," என்றாள் காமினி. குரலில் எரிச்சல். இடுப்புக்கு மேல் கடல்நீலக் கவசம், கீழே ஜீன்ஸ். முகத்தில் பாதி ஒப்பனைதான் ஆகியிருந்தது. "ல, ள தெரியாத ஆளு. யாருன்னு எனக்குத் தெரியும். நம்பத்தான் முடியல."

ஜார்ஜ் டவுனில் மூன்று நாளாக நடக்கும் சித்திரக்கதை ரசிகர் விழாவின் கடைசி நாள் அது. மண்டபத்துக்குள் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. மாலை நான்கு மணிக்கு வேடப் போட்டியின் இறுதிச் சுற்று. 'கடல்வேலி' என்ற சித்திரக்கதையின் நாயகி முத்தரசியாக காமினி மேடை ஏற வேண்டும்.

எட்டு வருடத்துக்கு முன்னால் இதே விழாவில், அந்தக் கதையின் மூன்றாம் இதழை வாங்க வரிசையில் நின்றபோதுதான் நான்கு பேர் நண்பர்களானார்கள். காமினி, ஷர்வின், ஐனா, மோகனராஜ். அன்றிலிருந்து ஒவ்வொரு விழாவிலும் கடைசி நாள் மதியம் பின்தெரு மாமாக் கடையில் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். இந்த வருடமும் மற்ற மூவரும் அங்கே காத்திருந்தார்கள்.

"இந்த ஸ்டோர் ரூமுக்குள்ள யார் யார் வரலாம்?" குமுதா கேட்டாள்.

"சாவி வெளிய ஆணியில தொங்குது. ஸ்டால் போட்டவங்க எல்லாரும் வருவாங்க. எங்க ரசிகர் மன்றமும் ஸ்டால் போட்டிருக்கு."

"போலிஸ்ல சொல்லலியா?"

"அட்டைக் கத்தி ஒடைஞ்சதுக்கா? சிரிப்பாங்கக்கா."

"மேடையில நீ என்ன செய்யணும்?"

"நடந்து வந்து, வாளத் தூக்கிக் காட்டிட்டு, எறங்கிடணும். அவ்வளவுதான்." காமினி குனிந்து காலணிக் கயிற்றை இறுக்கினாள். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

"சரி. சாப்பிடப் போவோம்," என்றாள் குமுதா.

"இதைத்தான் நான் மொதல்லயே சொன்னேன்," என்றான் இப்ராஹிம்.

மாமாக் கடையில் கூட்டம் நெரிந்தது. இறக்கை கட்டிய அரக்கன் ஒருவன் நாசி கண்டார் சோறு வாங்கும் வரிசையில் நின்று கோழித் தொடை கேட்டுக்கொண்டிருந்தான். மூலை மேசையில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் மூவரும் தங்கள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காமினி அறிமுகம் செய்து முடிக்கும் முன்பே ஷர்வின் வெடித்தான். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். ரசிகர் மன்றத்தின் முகநூல் பக்கத்தை நடத்துபவன் அவன்தான்.

"துப்பறியறவங்களா? நல்லாருக்கு லா! நாலு பேரு சாப்புட ஒக்காந்தா இவ ஸ்பை கூட்டிட்டு வர்றா."

"என் வாள ஒடைச்சது யாரு?" என்றாள் காமினி.

"ஆறு மாசமா குரூப்புல ஒரு மெசேஜ் இல்ல. போன் போட்டா எடுக்கல. மோகனண்ணே ஆஸ்பத்திரில கெடந்தப்ப எட்டிக்கூடப் பார்க்கல. இப்ப மட்டும் எங்க ஞாபகம் வந்துச்சா?" ஷர்வின் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். "நான் ஒடைக்கணும்னா ஒன் கண்ணு முன்னாலயே ஒடைப்பேன். ஒளிஞ்சு ஒடைக்க மாட்டேன்."

குமுதா அந்தக் காகிதத்தை மேசை நடுவில் வைத்தாள்.

ஷர்வின் படித்தான். உதடு கோணியது. மோகனராஜ் படித்தார். நாற்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர், பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணி. மடியில் ஒரு தோள்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். படித்து முடித்ததும் இரண்டு பேரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். காமினி முதலிலேயே அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே ஐனா உட்கார்ந்திருந்தாள். தலையில் சாம்பல் நிறத் துடோங் முக்காடு, விரல்களில் ஊசி குத்திய தழும்புகள். காமினியின் கவசத்தை வெட்டித் தைத்தவள் அவள்தான்.

"எதுக்கு எல்லாரும் என்னையப் பார்க்குறீங்க?" என்றாள்.

ஷர்வின் காகிதத்தை அவள் பக்கம் தள்ளினான்.

"எதுக்குன்னு கேக்குறேன்!"

"ல, ள எல்லாம் ஒனக்குத்தானே ஒண்ணு," என்றான் ஷர்வின்.

ஐனா மலாய்ப் பள்ளியில் படித்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள். எழுதப் படிக்க இருபது வயதுக்கு மேல் இந்தக் கூட்டாளிகளுக்காகத்தான் கற்றுக்கொண்டாள். அவள் முகம் சிவந்தது. தொலைபேசியைத் திறந்து குமுதாவின் முன்னால் எறியாத குறையாகப் போட்டாள்.

"இந்தாங்கக்கா. எல்லாம் இருக்கு. படிச்சுப் பாத்துட்டு போலிஸ்ல குடுங்க."

குமுதா படித்தாள். காமினிக்குப் போன செய்திகள். 'நாலைக்கு காலையில வா. தோலில் பட்டை வச்சுட்டேன். உன் கவசம் அலகா வந்துருக்கு.' மேலே தள்ளத் தள்ள இப்படியேதான். நாளை, தோள், அழகு, ஒன்றும் தப்பவில்லை. பதில்கள்தான் ஆறு மாதத்துக்கு முன்பே நின்றுபோயிருந்தன.

"இதை இவங்க எழுதல," என்றாள் குமுதா.

"எப்படிச் சொல்றீங்க?" காமினி கேட்டாள்.

"ஐனா எழுதியிருந்தா 'தோலமை'ன்னு வந்திருக்கும். வாழ்க்கைக்கு 'வால்க்கை'. வெள்ளத்துக்கு 'வெல்லம்'."

"வெல்லம் வருமுன் விலகிக்கொள்," என்றான் இப்ராஹிம். "சீனி வியாதிக்காரன் சுவத்துல எழுதி ஒட்டலாம்."

"சிரிக்காதீங்க அண்ணே," என்றாள் ஐனா. இப்ராஹிம் வாயை மூடிக்கொண்டான்.

"இதுல எல்லா ழகரமும் சரி. 'விலகிக்கொள்', 'வெள்ளம்', எல்லா ளகரமும் சரி. ஒரே ஒரு வார்த்தைதான் தப்பு."

"அப்ப ஐனா மேல பழி போட யாரோ வேணும்னே தப்பா எழுதியிருக்காங்க," என்றான் ஷர்வின். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"பழி போட நெனைக்கிறவன் ஒரு தப்போட நிறுத்துவானா? நாலு எடத்துல தூவி விடுவான்." குமுதா தன் தே ஓ தேநீரைக் கலக்கினாள். "பேக்டரில ஒரு சிப்புல கீறல் இருந்தா கை தவறிருச்சுன்னு விட்ருவோம். எல்லா சிப்புலயும் அதே எடத்துல அதே கீறல்னா, கோளாறு சிப்புல இல்ல. அச்சுல. மத்ததெல்லாம் இவ்வளவு சரின்னா இதுவும் கை தவறினது இல்ல, எங்கயோ ஒரு அச்சு இருக்கு."

ஷர்வின் யோசித்தான். பிறகு தன் பையிலிருந்து ஒரு புத்தகத்தை உருவினான். "இது கதையில வர்ற வசனம். மூணாவது இதழ். கடற்கொள்ளைக்காரன் முத்தரசியப் பார்த்துச் சொல்றது. ஆனா இதுல சரியாத்தான் இருக்கு, பாருங்க."

'மேடை ஏறினால் உன் வாளை ஒடிப்பேன்.' சரியாகத்தான் இருந்தது.

குமுதா புத்தகத்தைப் பார்க்கவில்லை. மோகனராஜின் கையைப் பார்த்தாள். புத்தகம் வெளியே வந்த நொடியில் அந்தக் கை மடியிலிருந்த பையை இன்னும் இறுக்கியது.

"அண்ணே, பையில என்ன?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாத பைக்கு ரெண்டு கை எதுக்கு?" என்றான் இப்ராஹிம்.

மோகனராஜ் பிடியைத் தளர்த்தினார். பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டிய ஒரு புத்தகத்தை எடுத்தார். அதே மூன்றாம் இதழ். அட்டையில் நீலம் மட்டும் சற்று அடர்த்தி.

"கை தொடச்சிட்டுத் தொடுங்க," என்றார்.

குமுதா கை துடைத்துவிட்டு உறையைப் பிரித்தாள். அதே பக்கம். அதே கொள்ளைக்காரன். 'மேடை ஏறினால் உன் வாலை ஒடிப்பேன்.'

அடுத்த கணம் ஷர்வின் எழுந்து மோகனராஜின் சட்டைக் கழுத்தைப் பிடித்திருந்தான். தே ஓ சாய்ந்து ஐனாவின் மடியில் கொட்டியது.

"நீயா? ஆஸ்பத்திரில ஒனக்கு சோறு கொண்டாந்து குடுத்தேனே, நீயா?"

"விடு! புக்கு! புக்கு நனையுது!" என்று கத்தினார் மோகனராஜ்.

இப்ராஹிம் இடையில் புகுந்து ஷர்வினைப் பிரித்தான். பழைய லாரிக்காரன் கை, பிடி சுலபமாக விட்டது. மோகனராஜ் மூச்சு வாங்கினார்.

"அந்தத் தப்பக் கண்டுபுடிச்சு பதிப்பாளருக்கு லெட்டர் போட்டவனே நான்தான். அவரு என்ன தப்புன்னு சொல்லாமலே எல்லா புக்கையும் திரும்ப வாங்கிக்கிட்டு, திருத்தி மறுபடி அச்சடிச்சாரு. நீங்க மூணு பேரும் மாத்திக்கிட்டீங்க. நான் மாத்தல. தப்பு உள்ளதுதான் பின்னால கெடைக்காது."

"எட்டு வருசமா எங்ககிட்ட காட்டாம மறைச்சு வச்சிருந்தீங்களா?" என்றாள் காமினி.

"மறைக்கல. காட்டினா தொடுவீங்க."

"இவருதான்க்கா," என்றான் ஷர்வின். "வேற யாருகிட்டயும் இந்த புக்கு இல்ல. இவருதான்."

குமுதா அதைக் காதில் வாங்கவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள். 'வால் வீச்சு.' 'என் வால் எங்கே?' 'அரசியின் வால் மின்னியது.' மொத்தம் நான்கு இடம். மற்ற ஒவ்வொரு ளகரமும் தன் இடத்தில் ஒழுங்காக நின்றது. வசனங்கள் எதுவும் அச்செழுத்து அல்ல, பேனாவால் கையால் எழுதியவை. புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு வந்து ஒரு வரியைப் படித்தாள். புத்தகத்தை மூடி மோகனராஜிடம் கொடுத்தாள்.

"இப்ராஹிம், ஒனக்கு ஒரு ஆட்டோகிராப் வேணும்."

"யார்கிட்டக்கா?"

"சொல்றேன், வா."

'கடல்வேலி'யின் பதிப்பாளர் தங்கராஜுவின் ஸ்டால் மண்டபத்தின் நட்டநடுவில் இருந்தது. அறுபது வயது, பட்டுப் பாத்தேக் சட்டை. முன்னால் ஒரு பெண் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்கறதா இருந்தா வாங்கு. புரட்டறதுக்கு லைப்ரரி இருக்கு," என்றார் அவளிடம். அவள் வைத்துவிட்டுப் போனாள்.

இப்ராஹிம் பல்லெல்லாம் தெரிய முன்னால் போய் ஒரு புதிய இதழை நீட்டினான். "அண்ணே, நான் உங்க வெறியன். 'கடல்வேலியின் வாள் வீரன் இப்ராஹிமுக்கு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

"பேரு மட்டும் போட்டா போதாதா?"

"என் பொண்டாட்டிக்குக் காட்டணும்ணே. வீட்டுல மரியாதை இல்ல."

தங்கராஜு சலித்துக்கொண்டு கிறுக்கித் தள்ளினார். இப்ராஹிம் வாங்கிப் படித்தான். பிறகு மெதுவாகத் திரும்பித் தன் பின்பக்கத்தைப் பார்த்தான்.

"அக்கா, எனக்கு முளைச்சிருச்சு."

'கடல்வேலியின் வால் வீரன் இப்ராஹிமுக்கு அன்புடன்.'

தங்கராஜுவின் கை புத்தகத்தைப் பிடுங்க நீண்டது. அதற்குள் குமுதாவின் கை அதன் மேல் இருந்தது. பக்கத்தில் அந்தத் துண்டுக் காகிதத்தை வைத்தாள்.

"கையெழுத்தை மாத்த கட்டம் கட்டமா எழுதியிருக்கீங்க. எழுத்துக்கூட்டலை மாத்த மறந்துட்டீங்கண்ணே. சில பேருக்குச் சின்ன வயசுலயே ஒரு வார்த்தை தப்பாப் பதிஞ்சிரும். மத்ததெல்லாம் சரியா எழுதுவாங்க. அது மட்டும் வராது."

"மூணாவது இதழ்ல வந்தது அச்சாபீஸ்காரன் செஞ்ச தப்பு."

"முதல் பக்கத்துல 'கதை, சித்திரம், எழுத்து: தங்கராஜு'ன்னு போட்டிருக்கு."

"அதனால?" அவர் எழுந்துவிட்டார். "ஒரே ஒரு எழுத்து! இந்த ஹால்ல பாதிப் பேருக்கு அது தெரியாது. எல்லாரும் கத்தி ஒடைச்சவனா? என் கதையில வர்றவ மாதிரி வேசம் கட்டுற பொண்ணை நான் எதுக்கு லா மெரட்டணும்? எனக்கு வெளம்பரம்தானே அது? வெளிய போ! கார்ட்! இந்தப் பொம்பளையத் தூக்கி வெளிய போடு!"

பக்கத்து ஸ்டால்காரர்கள் வந்து நின்றார்கள். யாரோ கைத்தொலைபேசியில் படம் பிடித்தார்கள். காவலர் ஒருவர் வேண்டாவெறுப்பாக நடந்து வந்துகொண்டிருந்தார். தங்கராஜு கேட்டது நியாயமான கேள்விதான் என்று குமுதாவுக்குத் தெரிந்தது. காரணம் இல்லாமல் ஒரு எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. காகிதத்தை மறுபடி படித்தாள். கடைசி வரியில் கண் நின்றது.

நண்பர்கள் நால்வரும் பின்னாலேயே வந்திருந்தார்கள். அவள் காமினியின் பக்கம் திரும்பினாள்.

"நீ என்கிட்ட பொய் சொல்லியிருக்கே."

"நானா?"

"'வாயைத் திறந்தால்'னு போட்டிருக்கு. நடந்து வந்து வாளைக் காட்டிட்டு எறங்கறதுக்கு வாய் எதுக்கு? நீ மேடையில பேசப் போற. அது யாருக்கோ தெரியும். என்ன பேசப் போற?"

காமினி உதட்டைக் கடித்தாள். "வாக்கு குடுத்திருக்கேன்க்கா."

"ஒன் வாக்கைக் காப்பாத்தறதுக்கு ஐனா போலிஸுக்குப் போகணுமா?"

காமினி ஐனாவின் நனைந்த பாவாடையைப் பார்த்தாள். பிறகு தங்கராஜுவை நேராகப் பார்த்தாள்.

"கடல்வேலி இவரு எழுதினது இல்ல. நூர்ஜான் அக்கா எழுதினது. வெள்ளிக்கெழமை இவர்கிட்ட வந்து சொன்னேன். 'கடைசி நாளைக்குள்ள நீங்களே உண்மையச் சொல்லிருங்க, இல்லன்னா நான் மேடையில சொல்லுவேன்'னு. இவர்கிட்ட மட்டும்தான் சொன்னேன்."

ஷர்வின் வாய் திறந்தபடி நின்றான். அவன் கையில் முத்தரசியின் படம் பச்சை குத்தியிருந்தது. கீழே தங்கராஜுவின் கையொப்பம்.

"எந்த நூர்ஜான்?" என்று சிரித்தார் தங்கராஜு. "பேக்டரில சிப்பு பொறுக்குற பொம்பளை. அதுக்குத் தமிழ் எழுதத் தெரியுமா? கதை எழுதுமா?"

"எந்த நூர்ஜான்னு கேட்டீங்க," என்றாள் குமுதா. "அடுத்த மூச்சுலயே அவங்க எங்க வேலை செய்யறாங்கன்னு நீங்களே சொல்லிட்டீங்க. காமினி அதைச் சொல்லவே இல்லையே."

சிரிப்பு நின்றது.

காமினி முதுகுப் பையிலிருந்து பிளாஸ்டிக் கோப்பு ஒன்றை எடுத்தாள். உள்ளே ஒரு கட்டு காகிதம். குமுதா பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டாள். இயந்திரம் ஓடுவதற்கு முன் ஆபரேட்டர்கள் சரிபார்த்துக் கோடு போடும் படிவம். அவளே ஆயிரக்கணக்கில் கையொப்பமிட்டிருக்கிறாள். மூலையில் தேதி அச்சாகியிருக்கும். பத்து வருடத்துக்கு முந்தைய தேதி. கடல்வேலியின் முதல் இதழே அதற்கு ஒரு வருடம் கழித்துத்தான் வந்தது.

படிவங்களின் பின்பக்கங்களில் பென்சில் படங்கள். கடல் நடுவே கோட்டை. நீலக் கவசத்துக்கு நிழல் போட்டிருந்த முத்தரசி. கொள்ளைக்காரன். அவன் வாயிலிருந்து புறப்பட்ட வசனம்.

"அக்கா பேக்டரில என் லைன்லதான் வேலை. இடைவேளையில வரைஞ்சிக்கிட்டிருப்பாங்க. ஆறு மாசத்துக்கு முன்ன எதேச்சையாப் பார்த்தேன்," என்றாள் காமினி. "சுத்தமா வரைஞ்சு நோட்டுல எழுதி இவருகிட்ட குடுத்தாங்களாம். நோட்டு மழையில நனைஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாரு. அந்த நோட்டுப் படத்து மேலயே மை ஓட்டி, வசனத்தை மட்டும் தன் கையால மாத்தி எழுதி புக்காப் போட்டுட்டாரு. 'யாருகிட்டயும் சொல்லாதே, ஆபரேட்டர் பேச்சை யார் நம்புவா'ன்னு அழுதாங்க. இப்பத்தான், நான் மேடையில சொல்றேன்னதும், அதுவரைக்கும் வெளிய தெரியக்கூடாதுன்னு மறுபடி சத்தியம் வாங்கிக்கிட்டு இந்தக் கட்டைக் குடுத்தாங்க."

குமுதா ஒரு படிவத்தைத் தங்கராஜுவின் முன்னால் விரித்தாள். பென்சில் எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது. 'மேடை ஏறினால் உன் வாளை ஒடிப்பேன்.'

"எழுதத் தெரியாதவங்க வாள்னு எழுதியிருக்காங்க," என்றாள். "ஆசிரியர் வால்னு எழுதியிருக்காரு."

தங்கராஜு உட்கார்ந்தார். வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அவருக்குக் கோபம்தான் வந்தது.

"போட்டது நான்! நான் போடலைன்னா அது அவ வீட்டு அலமாரில கரையான் தின்னிருக்கும். இவனுங்க கையில பச்சை குத்திக்கிட்டு அலைய யாரு காரணம்? அவளா, நானா?" மூச்சு வாங்கியது. "கத்தி ஒடைஞ்சா பயந்து வீட்டுக்குப் போயிருவான்னு நெனச்சேன். கூட்டாளி எழுதின மாதிரி எழுதினேன். அந்த மட்டும் நல்லா வேலை செஞ்சுச்சே! ஒரு வரிதான் எழுதினேன். ஒருத்தனை ஒருத்தன் கடிச்சுக் கொதறிட்டீங்கள்ள?"

ஷர்வின் தன் கையைத் தொங்கவிட்டு, பச்சை குத்திய பக்கத்தை உடம்போடு திருப்பி வைத்துக்கொண்டான். காவலர் வந்துவிட்டார். யாரைத் தூக்குவது என்று கேட்டார். இப்ராஹிம், விழாக் குழுவிடம் விஷயத்தைச் சொல்லச் சொல்லி, காவலரை அவர்கள் அறைக்கு அனுப்பிவைத்தான்.

மேடைக்குப் பின்னால், மூன்றே முக்காலுக்கு, காமினி ஐனாவின் எதிரில் நின்றாள். கவசத்தின் இடது தோள்பட்டை தொங்கியது. ஐனா வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு அதைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஐனா, என்னை மன்னிச்சிரு."

ஐனா நூலை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"எவ்வளவோ சொல்லணும்னு இருந்துச்சு. சத்தியம் பண்ணிட்டேன். அதான் யாரோடயும் பேசல. தப்புதான். கோவமாத் திட்டிரு."

"நீ பேசாததுக்கு எனக்குக் கோவம் இல்ல," என்றாள் ஐனா, ஊசியை எடுத்துவிட்டு. "இந்தச் சட்டையை நாப்பது ராத்திரி தச்சேன். அந்தப் பேப்பரைப் பார்த்ததும் ஒனக்கு அது ஞாபகம் வரல. என் ஸ்பெல்லிங்தான் ஞாபகம் வந்துச்சு."

"ஐனா..."

"நான் தமிழைத் தப்பா எழுதினாலும் ஒங்களுக்காகத்தான் எழுதினேன்." அவள் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டாள். ஷர்வின் ஏதோ சொல்ல வந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். பிறகு குமுதாவைப் பார்த்தாள். "நீங்களும்தான்க்கா. மூணு பேரு இருந்தோம். என் போனை மட்டும்தான் படிச்சீங்க."

"ஆமா," என்றாள் குமுதா. "நீயே குடுத்தேன்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனா மத்தவங்ககிட்ட நான் கேக்கல. அது என் தப்பு."

ஐனா தலையை மட்டும் அசைத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். மோகனராஜ் அவள் பின்னாலேயே இரண்டடி போய், நின்றுவிட்டார்.

காமினி வெறுங்கையோடு மேடை ஏறினாள். ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினாள். குமுதாவும் இப்ராஹிமும் பக்கவாட்டுச் சுவரோரம் நின்றார்கள். அங்கிருந்து வாசல் தெரிந்தது.

வாசலில், ஊதா நிறத் தொழிற்சாலைச் சட்டையும் கழுத்தில் அடையாள அட்டையுமாக ஒரு பெண் தயங்கி நின்றாள். ஐம்பது வயதிருக்கும். பகல் ஷிப்டு முடிந்து நேராக வந்திருக்கிறாள். இறக்கைகளும் கொம்புகளுமாக மனிதர்கள் அலைவதைப் பார்த்துத் திரும்பிப் போகக் காலெடுத்தாள். வெளியே போய்க்கொண்டிருந்த ஐனா அவள்மேல் மோதப் பார்த்து நின்றாள். அந்த அம்மாள் ஏதோ கேட்டாள். ஐனா அவளது அடையாள அட்டையைப் பார்த்தாள். நிமிர்ந்து மேடையைப் பார்த்தாள். ஒரு நிமிடம் அப்படியே நின்றாள்.

பிறகு அந்த அம்மாளின் கையைப் பிடித்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்வரிசை வரை வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஓர் அரக்கனை எழுப்பிவிட்டு, அந்த அம்மாளை அதில் உட்கார வைத்தாள்.

"கடல்வேலியை எழுதினவங்க பேரு நூர்ஜான்," என்று ஒலிபெருக்கியில் காமினியின் குரல் கேட்டது. கூட்டத்தில் பாதி ஓவென்று கத்தியது. "பொய்! எறங்கு!" என்றது ஒரு மூலை. பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று மேடையில் வந்து விழுந்தது. காமினி நகரவில்லை. பேரை இன்னொரு முறை சொன்னாள்.

முன்வரிசையில் அந்த அம்மாள் யாரைச் சொல்கிறார்கள் என்பதுபோல இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஐனா குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னாள். முழங்கையைப் பிடித்து லேசாகத் தூக்கிவிட்டாள்.

நூர்ஜான் எழுந்து கூட்டத்தின் பக்கம் திரும்பி நின்றபோது, ஐனா வாசலைத் தாண்டியிருந்தாள்.